பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த அளவு டயர் சரி?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது டயரில்தான். ஏற்கெனவே இருப்பது தேய்ந்திருக்கும், அல்லது பார்வைக்குச் சின்னதாகத் தெரியும். டயர் கடையில் "இப்ப என்ன சைஸ் போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். குனிந்து பார்த்து எண்ணைச் சொல்வோம். அதே அளவோ, ஒரு படி பெரியதோ வண்டியில் ஏறிவிடும்.

கோளாறு தொடங்குவது அந்த இடத்தில்தான். இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியில் இன்றைக்கு இருக்கும் டயர், முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒருவருடைய முடிவு. அந்த நேரத்தில் கிடைத்ததை அவர் போட்டிருக்கலாம், அழகுக்காகப் போட்டிருக்கலாம், ரிம்மையே மாற்றியிருக்கலாம். அந்த எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்கினால் அவர் செய்த தவறும் சேர்ந்து நம் கணக்கில் வந்துவிடும்.

இந்த விஷயத்தில் என் நிலைப்பாடு ஒன்றே ஒன்று. டயரை வண்டியின் கடைசி கியராகப் பாருங்கள். என்ஜினின் சுழற்சி கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஆக்சில் என்று ஒவ்வொரு கட்டமாகக் கடந்து கடைசியில் டயர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. டயரின் விட்டத்தை மாற்றினால் எல்லா கியரையும் ஒரே நேரத்தில் மாற்றியதாக அர்த்தம். புது வண்டிகளில் என்ஜின் பலமும் ஆறேழு கியர்களும் அந்த மாற்றத்தை மறைத்துவிடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த வண்டியில் அப்படி மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் முதலில் வண்டி பிறந்தபோது இருந்த அளவுக்குப் போங்கள், அதில் கொஞ்ச நாள் ஓட்டுங்கள், அப்புறம் தேவை என்று தெரிந்தால் மட்டும் அங்கிருந்து நகருங்கள்.

டயரில் என்ன எழுதியிருக்கிறது?

235/75 ஆர் 15 என்ற அளவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பரவலாகப் பார்க்கிற அளவு இது. 235 என்பது காற்றடித்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். தரையில் படும் பட்டன் பகுதியின் அகலமாக இதை நினைத்துவிடக் கூடாது. ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரையுள்ள முழு அகலம் இது. 75 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், இன்றைய டயர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றும் கலந்து கிடப்பதால் புதியவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 235-ல் 75 சதவீதம் 176.25 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, ஆக 352.5 மி.மீ. 15 இன்ச் ரிம் 381 மி.மீ. கூட்டினால் 733.5 மி.மீ., அதாவது சுமார் 28.9 இன்ச். இந்த மொத்த விட்டம்தான் முக்கியமான எண். வேகமானி, இழுவை, பிரேக், இடவசதி என்று இனி பேசப் போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

இன்னொரு எழுத்துமுறையும் உண்டு: 31x10.50 ஆர் 15. இது நேரடியானது. மொத்த விட்டம் 31 இன்ச், அகலம் 10.5 இன்ச், ரிம் 15 இன்ச். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 31 என்று எழுதியிருக்கும் டயரை டேப் வைத்து அளந்தால் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் உண்மையான விட்டம் இருக்கும். கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பழைய வண்டி என்றால் 6.00-16, 7.00-16, 7.50-16 என்று இருக்கும். இதில் முதல் எண் இன்ச்சில் அகலம், இரண்டாவது ரிம். நடுவில் ஆர் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அது ரேடியல் இல்லை, பேச்சில் நைலான் டயர் என்று சொல்கிற பழைய வகை. பக்கச்சுவர் சதவீதம் இதில் எழுதப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் 6.00-16 டயரில்தான் ஓடியது. பழைய லேண்ட் ரோவர்களில், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 88 இன்ச் உள்ள வண்டிக்கு 6.00-16, நீளமான 109 இன்ச் வண்டிக்கு 7.50-16 என்று கொடுத்தார்கள். இன்றைக்கு இந்த அளவுகளில் நல்ல ரேடியல் கிடைப்பது சிரமம் என்பதால், கிட்டத்தட்ட அதே விட்டம் வரும் அளவைத் தேட வேண்டியிருக்கும். 7.50-16-க்குப் பதிலாக 235/85 ஆர் 16, 7.00-16-க்கு 215/85 ஆர் 16, 6.00-16-க்கு 205 ஆர் 16 என்று போடுவது வழக்கத்தில் உள்ள மாற்று. 205 ஆர் 16 என்று சதவீதம் இல்லாமல் எழுதியிருந்தால் பக்கச்சுவர் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அளவுக்குப் பக்கத்தில் 104 எஸ் மாதிரி ஒன்று இருக்கும். 104 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1000. எழுத்து வேகத்துக்கானது: க்யூ 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180. பழைய ஃபோர் வீல் டிரைவை அந்த வேகத்தில் யாரும் ஓட்டப் போவதில்லை. எடைக் குறியீட்டில் மட்டும் கறாராக இருங்கள். வண்டிக்குச் சொன்ன எண்ணைவிடக் குறைவாக ஒருபோதும் போகக் கூடாது. விட்டம், அகலம் எல்லாம் பொருந்தியும் எடை தாங்காத கார் டயர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். கூரையில் சாமான், உள்ளே ஆட்கள், பின்னால் தண்ணீர் கேன் என்று ஏற்றிக்கொண்டு வெயிலில் போகும்போது அந்த டயர் சூடேறி உள்ளே பிரிந்துபோகும்.

வண்டி எந்த அளவோடு பிறந்தது?

டிரைவர் பக்கக் கதவுத் தூணில், கதவின் உள்விளிம்பில், அல்லது டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் எழுதியிருக்கும். பெயிண்ட் அடித்து மறைந்திருந்தால் கையேட்டைத் தேடுங்கள். பழைய கையேடுகள் பலவற்றை இணையத்தில் பார்க்க முடியும். ஒரே மாடலுக்கு வருடத்தைப் பொறுத்தும், என்ஜினைப் பொறுத்தும், நீளத்தைப் பொறுத்தும் அளவு வேறுபடும் என்பதால் உங்கள் வண்டியின் சரியான வகையைப் பாருங்கள்.

அடுத்து ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளமான தண்டு (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண். முன்பு வைத்திருந்தவர் ஆக்சிலையே மாற்றியிருந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் உறுதியாக வையுங்கள். டூ வீல் டிரைவில் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். பின் சக்கரத்திலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஆளுக்கொரு கோடு போடுங்கள். இரண்டு பின் சக்கரங்களையும் இருவர் ஒரே சீராக முன்னோக்கி ஒரு முழுச் சுற்று சுற்ற, இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். நான்கு சுற்றும் கொஞ்சமும் வந்தால் விகிதம் 4.1 பக்கம். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.88 ஆக இருக்கலாம். அந்தப் போர்க்கால ஜீப்புக்கு அதே 4.88-தான். எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுவை அதிகம், ஓட்டம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. பழைய லேண்ட் ரோவர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கும். அவற்றில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலே ஹேண்ட் பிரேக் பிடிப்பு போய்விடும், வண்டி உருளும். கட்டை கொடுக்காமல் ஜாக்கி வைக்கவே கூடாது.

பெரிய டயர் போட்டால் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நிறையப் பேர் பணத்தை இழப்பது இங்கேதான். 733.5 மி.மீ. விட்டமுள்ள 235/75 ஆர் 15 டயரைக் கழற்றிவிட்டு 31 இன்ச் டயரை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 31 இன்ச் என்றால் 787.4 மி.மீ. வித்தியாசம் 54 மி.மீ., சதவீதத்தில் 7.3.

முதல் லாபம்: தரைக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி கூடுகிறது. ஆனால் கூடுவது விட்ட வித்தியாசத்தில் பாதி மட்டும், 27 மி.மீ. ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் அதிகம். கல் நிறைந்த பாதையில் அந்த ஒரு இன்ச் உண்மையிலேயே உதவும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்களை மூடி உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டைத் தரையிலிருந்து உயர்த்த டயரைத் தவிர வேறு எளிய வழியும் கிடையாது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடி மட்டும்தான் மேலே போகும்.

அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஆக்சில் விகிதம் 4.10 என்றால், புது டயரோடு அது 3.82 ஆக இருந்தால் எப்படியோ அப்படி வண்டி நடந்துகொள்ளும். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது கிளட்சை அதிக நேரம் பாதி மிதித்து வைக்க வேண்டிவரும். முன்பு நான்காவது கியரில் ஏறிய மேட்டுக்கு மூன்றாவது தேவைப்படும். ஐந்தாவது கியர் இறக்கத்துக்கும் சமதளத்துக்கும் மட்டும் என்று ஆகிவிடும். லோ ரேஞ்சில் (டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள மெதுவான கியரில்) கல்லும் பள்ளமுமான இறக்கத்தில் இறங்கும்போது என்ஜின் பிடித்துக்கொடுக்கும் நிதானமும் அதே 7 சதவீதம் குறையும். பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.40 விகிதம் வேண்டும். அதற்கு முன், பின் இரண்டு ஆக்சிலிலும் கிரவுன் பினியன் எனும் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். டயர் வாங்கும்போது இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிரேக்கும் இதே கதைதான். டிரம்மோ டிஸ்க்கோ அதே பழையது. அது சக்கரத்தைப் பிடிக்கும் விசையும் அதேதான். நீளமான ஸ்பானரின் நுனியில் ஒருவர் தள்ளினால் நட்டைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கடினமோ, பெரிய டயரை அதே பிரேக்கால் நிறுத்துவதும் அப்படி. டயர் தரையைத் தொடும் இடம் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக பிரேக்கின் பிடி தளரும். கூடவே பட்டன் ஆழமான பெரிய டயர் ஒவ்வொன்றும் சில கிலோ எடை கூடுதல், அதுவும் சுழல்கிற எடை. அதைச் சுழல வைக்கவும் நிறுத்தவும் இரண்டு பக்கமும் செலவு. பழைய வண்டியின் பிரேக் ஏற்கெனவே எல்லையில்தான் நிற்கிறது. பிரேக் முழு ஆரோக்கியத்தில் இல்லாத வண்டிக்குப் பெரிய டயரை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

வேகமானி அடுத்தது. முள் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 86-ல் போய்க்கொண்டிருக்கும். ஐக்கிய நாடுகளின் விதி 39-ஐப் பின்பற்றும் நாடுகளில், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சட்டம். கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால்தான் பெரும்பாலான வண்டிகள் கம்பெனியிலிருந்தே சற்றுக் கூட்டிக் காட்டுகின்றன. ஜி.பி.எஸ். வைத்து ஒருமுறை ஒப்பிட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கேபிள் வேகமானி உள்ள வண்டிகள் பலவற்றில் அந்தக் கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கையில் மாற்றிச் சரிசெய்ய முடியும். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைந்து பதிவாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய டயர் மாட்டியதும் மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் கிலோமீட்டரை 1.07-ஆல் பெருக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். உண்மையிலேயே குறையும், ஆனால் மீட்டர் காட்டும் அளவுக்கு இருக்காது.

பொதுவாக, மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருந்தால் வேறு எதையும் தொட வேண்டியிருக்காது. 235/75 ஆர் 15-க்குப் பதில் 255/70 ஆர் 15 போட்டால் விட்டம் 738 மி.மீ., வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 30x9.50 ஆர் 15 போட்டால் காகிதக் கணக்கில் 4 சதவீதம். பல வண்டிகள் இதைப் பெரிய குறையில்லாமல் தாங்கும். ஏழு சதவீதத்துக்குப் போனால் டயரோடு சேர்த்து வண்டியையும் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். எவ்வளவு வரை போகலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. காப்பீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால் வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

நான்கும் ஒரே அளவா?

சாதாரண காரில் முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு பழசு என்று ஓட்டினால் ஷாஃப்டுக்கும் கியருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஃபோர் வீல் டிரைவில் அப்படி இல்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலானவை தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வகை. லீவரை இழுத்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும், நடுவில் விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது.

இப்போது பின்னால் புது டயர், முன்னால் அதே அளவிலேயே தேய்ந்த டயர் என்று வையுங்கள். தேய்மானம் 6 மி.மீ. மட்டும்தான். விட்டத்தில் 12 மி.மீ. குறைந்துவிட்டது. புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 434 சுற்று சுற்றும், தேய்ந்தது 441 சுற்று சுற்ற வேண்டும். அந்த ஏழு சுற்று வித்தியாசம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எங்காவது போயாக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டியான தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட், கியர், ஜாயின்ட் எல்லாம் முறுக்கேறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும், டூ வீலுக்கு மாற்ற லீவரைத் தள்ளினால் வராது. அளவு ஒன்றாக இருக்கும்போதே இந்தக் கதி என்றால், முன்னால் ஒரு அளவு பின்னால் ஒரு அளவு போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வண்டியில் நடுவில் டிஃபரன்ஷியல் உண்டு, ஆனால் ஓய்வில்லாமல் வேலை செய்து அது தேய்ந்துபோகும்.

அதனால் நான்கையும் ஒன்றாக வாங்குங்கள், முடிந்தால் ஐந்து. ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சர் ஆவது பெரும்பாலும் ஃபோர் வீல் தேவைப்படுகிற இடத்தில்தான். ஐந்தையும் சுற்றில் மாற்றி மாற்றிப் போட்டால் எல்லாம் ஒரே சீராகத் தேயும். ரேடியலையும் நைலானையும் கலக்கவே கூடாது.

வாங்கிய டயர்கள் உண்மையில் எவ்வளவு உருளுகின்றன என்று அளப்பது எளிது. டயரின் அடியிலும் தரையிலும் ஒரே இடத்தில் சாக்பீஸ் கோடு, வண்டியை நேராகத் தள்ளி அந்தக் கோடு மறுபடி கீழே வந்ததும் தரையில் இன்னொரு கோடு. இடையில் டேப். நான்கு டயருக்கும் இப்படி அளந்து பாருங்கள். காற்று குறைவான டயர் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அகலமாகவா, உயரமாகவா?

265/75 ஆர் 16, 235/85 ஆர் 16 இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்: 804 மி.மீ., 806 மி.மீ. அகலத்தில் மட்டும் 30 மி.மீ. வித்தியாசம். இழுவையும் வேகமானியும் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பலர் அகலமான டயர் தரையில் அதிகப் பரப்பைத் தொடும் என்று நம்புகிறார்கள். தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒரே எடை, ஒரே காற்று என்றால் பரப்பு கிட்டத்தட்ட அதேதான், வடிவம்தான் மாறுகிறது. அகலமான டயரில் அது குறுக்கே நீண்டும், குறுகிய டயரில் முன்பின்னாக நீண்டும் இருக்கும். மேலே சேறும் கீழே கெட்டித் தரையுமான பாதையில் குறுகிய டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும். மழைச் சாலையில் தண்ணீர்மேல் மிதக்கும் ஆபத்தும் அதற்குக் குறைவு. அடியில் கெட்டித் தரையே இல்லாத ஆழமான மணலிலும் பனியிலும் அகலமான டயர் புதையாமல் மேலே நிற்கும். ஆனால் மணலில் எந்த டயராக இருந்தாலும் காற்றை இறக்குவதுதான் பெரிய உதவி, அதற்கு உயரமான பக்கச்சுவர் வேண்டும். பெரிய ரிம்மும் பக்கச்சுவர் உயரம் குறைந்த டயரும் பழைய ஃபோர் வீல் டிரைவுக்கு ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், குறுகியதை எடுங்கள். அகலமான டயரோடு நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோள் வலிக்கும். தேய்ந்த கிங் பின், ஆடும் டை ராடு இருக்கும் வண்டியில் அகலமான கனமான டயரை மாட்டினால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் பயமுறுத்தும் அளவுக்கு ஆடத் தொடங்கலாம். டயர் பேலன்ஸ் என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கோளாறு முன் ஆக்சில் மூட்டுகளில் இருக்கும்.

ரிம்மும் இடமும்

ஒவ்வொரு டயருக்கும் பொருந்தும் ரிம் அகலம் உண்டு. 235/75 ஆர் 15-க்கு 6 முதல் 8 இன்ச் வரை, 31x10.50 ஆர் 15-க்கு 7 முதல் 9 வரை. பழைய வண்டிகளின் ரிம் பெரும்பாலும் 5, 5.5, 6 இன்ச் என்று குறுகலாக இருக்கும். அதில் 10.5 இன்ச் டயரைத் திணித்தால் நடுப்பகுதி உப்பி, பட்டனின் நடு மட்டும் தேயும். திருப்பத்தில் வண்டி ஊசலாடும். அதனால் பெரும்பாலும் பெரிய டயரோடு புது ரிம்மும் வாங்க வேண்டிவரும். அப்போது ரிம்மின் ஆஃப்செட்டும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்ற அளவும், மாறலாம். சக்கரம் வெளியே தள்ளிப் போனால் பேரிங்கில் சுமை கூடும், ஸ்டீயரிங் குழிக்குக் குழி இழுக்கும்.

மிகப் பழைய ரிம்களில் டயரின் விளிம்பைப் பிடித்துவைக்கும் உள்மேடு இருக்காது, சிலவற்றில் ரிவெட் வழியாகக் காற்று கசியும். அவற்றில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போடாதீர்கள். துரு அரித்த ரிம், போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விட்ட ரிம் என்றால் எந்த அளவு டயருக்கும் அது ஆகாது. வளையம் வைத்துப் பூட்டும் ரிம்மாக இருந்தால் கழற்றுவதை அதில் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். காற்றோடு அந்த வளையம் தெறித்தால் உயிர் போகும்.

புது அளவு உள்ளே அடங்குமா என்பதை நிற்கும் வண்டியில் பார்த்தால் போதாது. முன் சக்கரம் ஒன்றைச் சரிவுப் பலகையில் ஏற்றி ஸ்பிரிங் நன்றாக அமுங்கும்படி வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடி முதல் மறு கோடி வரை திருப்புங்கள். நான்கு இடங்களைப் பாருங்கள்: உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங் அல்லது ஆர்ம், மட்கார்டின் பின் மூலை, பம்பரின் நுனி, பிரேக் ஹோஸ். பழைய டயர் இருக்கும்போதே இந்த இடைவெளிகளை அளந்து, விட்டத்தில் கூடுவதில் பாதியையும் அகலத்தில் கூடுவதில் பாதியையும் கழித்தால், ரிம் மாறாத வரை, புதியது உரசுமா என்று வாங்கும் முன்பே ஓரளவு தெரியும். ஸ்டெப்னி மாட்டும் இடத்தையும் அளந்துவிடுங்கள். பின் கதவில் தொங்கும் வகையில் கூடுதல் எடை கதவுக் கீலை இறக்கிவிடும்.

வாங்கும்போதும் மாட்டிய பிறகும்

டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தையது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் குறைவாக ஓடுபவை என்பதால் டயர் தேய்வதற்கு முன் ரப்பர் கெட்டுவிடும். ஐந்து வருடம் தாண்டியதும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பதும், பத்து வருடத்தில் கட்டாயம் மாற்றுவதும் டயர் கம்பெனிகள் சொல்வது. ஸ்டெப்னிக்கும் அதே கணக்கு.

காற்றழுத்தம் பற்றி ஒன்று. எல்டி என்று தொடங்கும் லாரி வகை டயரை மாட்டினால், அதே எடையைத் தாங்க அதற்குக் கார் வகை டயரைவிட அதிகக் காற்று வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள பழைய எண் போதாமல் போகலாம். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தம் ஓட்டுவதற்கான அளவும் இல்லை. தயாரிப்பாளரின் எடை அட்டவணையில் தொடங்கி, சாக்பீஸால் பட்டனின் குறுக்கே பட்டையாக ஒரு கோடு போட்டு, வழக்கமான சுமையோடு நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்திருந்தால் குறைவு. அட்டவணை சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பார்த்து, சரியான எண் கிடைத்ததும் கதவுத் தூணில் பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே புது டயர் அளவோடு சேர்த்து எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குபவர் குனிந்து டயரைப் பார்க்கும்போது, ஏன் அந்த அளவு என்று அவருக்குத் தெரியும்.